பெகு நகரில் கிடைத்த விடை



மும்மணிகளை வணங்கி, இன்று உங்கள் முன் ஒரு யாத்திரையைப் பற்றிப் பேச முற்படுகின்றேன். யாத்திரை என்றவுடன் புத்தகயை, சாரநாத், குசிநகர் என்றே நம் உள்ளம் செல்லும். அவை நமக்குத் தாய்வீடுகள். ஆயினும் நான் இன்று கூறப்போவது கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நகரத்தைப் பற்றி. மியான்மர் நாட்டில், யாங்கோனுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் பகோ என்னும் ஊர் இருக்கின்றது. நம் பாட்டன்மார் அதனைப் பெகு என்றனர். பாலி நூல்கள் அதனை அம்சாவதி என்று போற்றும். பர்மா தேசத்துக்குச் செல்லும் யாத்திரிகர் யாங்கோனின் பொற்கோபுரத்தைக் காண்பர். பகான் நகரத்துக் கோயில்களைக் காண்பர். பெகுவில் இறங்குவோர் சிலரே. அவ்வூரில்தான் ஒன்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்த ஓர் ஐயத்துக்கு விடை கிடைத்தது.

அந்த ஐயம் இன்னதென்று முதலிற் சொல்லிவிடுகின்றேன். ஏனெனில் அது என் ஒருவனுடைய ஐயம் அன்று.

2009-ஆம் ஆண்டு மும்பையில் என் தந்தையார் காலமானார். அவரும் பஞ்சாலைத் தொழிலாளி; நானும் பஞ்சாலைத் தொழிலாளி. அவர் திரிசரணம் ஏற்ற நாள்முதல் எங்கள் இல்லத்தில் பழைய சடங்குகள் நின்றுபோயின. அவர் மறைந்த அன்று பிக்கு ஒருவரை அழைத்துவர எங்கெங்கோ அலைந்தோம், ஒருவரும் கிடைத்திலர். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர், "பழைய முறைப்படியே செய்துவிடு, இல்லாவிட்டால் போகிற உயிருக்கு வழி கிடைக்காது" என்று வற்புறுத்தினர். நான் இசையவில்லை. தந்தையாரின் தலைமாட்டில் நின்று, எனக்குத் தெரிந்த திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் நானே ஓதினேன். என் கை நடுங்கிற்று, குரலும் நடுங்கிற்று. கூட்டத்தில் நின்ற ஒருவர், "நேற்று மாறியவனுக்கு இன்று மந்திரம் ஏது? இவனுக்கு யார் கொடுத்த உரிமை?" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

அந்தச் சொல்லை நான் ஒருவாறு விழுங்கிவிட்டேன். என் தாயாரால் இயலவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தந்தையாரின் நினைவு நாளன்று, விளக்கேற்றிய கையோடு என்னிடம் வந்து, "ஐயா, அன்றைக்கு நீ செய்தது உன் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று கேட்பார். "சேர்ந்திருக்கும் அம்மா" என்பேன். ஆனால் அவ்வாறு சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

தோழர்களே, இது உங்கள் இல்லங்களிலும் நிகழ்ந்திருக்கும். திருமணத்திலே, பெயர் சூட்டும் நாளிலே, மரணத்திலே, "உங்களுக்கு இதை யார் கொடுத்தார்? இது செல்லுமா?" என்னும் கேள்வி நம் வாயிலில் வந்து நிற்கின்றது. பிறர் கேட்டால் சினம் கொண்டு விடை சொல்லுகிறோம். நம் உள்ளமே கேட்கும்போது வாய் அடைத்துப்போகிறோம்.

2018-ஆம் ஆண்டில் யாத்திரிகர் குழு ஒன்றோடு மியான்மர் சென்றேன். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அந்நாடு பட்டுவரும் துன்பம் நீங்கள் அறிந்ததே. அதற்கு முன்னரே அந்த மண்ணை மிதிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. யாங்கோனிலிருந்து புகைவண்டியில் பெகுவுக்குச் சென்றோம். இருபுறமும் நெல்வயல்கள், இடையிடையே வெண்ணிறச் சிறு சேதியங்கள். நிலையத்தில் எங்களை எதிர்கொண்டவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெரியவர். அவர் தமிழில் பர்மிய ஓசை கலந்திருந்தது. "வாங்க தம்பி" என்று அவர் சொன்னபோது, கடல் கடந்து வந்த களைப்பெல்லாம் நீங்கிற்று.

அம்சாவதி என்னும் பெயருக்கு அவர் ஒரு கதை சொன்னார். முன்னொரு காலத்தில் இந்நிலம் முழுவதும் கடலாம். அலைகளுக்கிடையே ஒரே ஒரு பறவை நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் தெரிந்ததாம். பறந்து களைத்த அன்னப் பறவைகள் இரண்டு அங்கே வந்தன. ஆண் அன்னம் திட்டின்மேல் நிற்க, அதன் முதுகின்மேல் பெண் அன்னம் நின்றது. அந்த இடத்திலே பின்னர் எழுந்த நகரமே அம்சாவதி. நிற்க இடமில்லாத கடலில் ஒன்றையொன்று தாங்கி நின்ற இரு பறவைகளைத் தன் சின்னமாகக் கொண்ட நகரம் இது. இடம் மறுக்கப்பட்டு வாழ்ந்த நமக்கு அந்தக் கதை எளிதில் விளங்கும்.

முதலில் சுவேமாதோ என்னும் மகா சேதியத்தை வணங்கினோம். பகவன் புத்தரின் கேசதாதுவை வணிகர் இருவர் கொணர்ந்து இங்கு வைத்தனர் என்பது அந்நாட்டு மரபு. நான் கண்டபோது அது 114 மீட்டர் உயரம் ஓங்கிப் பொன்னொளி வீசிற்று. வடகிழக்கு மூலையில் மாபெரும் செங்கல் பாறை ஒன்று சாய்ந்து கிடந்தது. "இது என்ன ஐயா?" என்று கேட்டேன். 1917-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் முறிந்து விழுந்த கோபுர முடியின் துண்டு என்றார் பெரியவர். 1930 மே மாதத்தில் அதனினும் கொடிய நடுக்கம் வந்து சேதியத்தையே சரித்துவிட்டது. பின்னர் உலகப் போர் வந்தது. ஆயினும் மக்கள் பொருளும் உழைப்பும் ஈந்து, 1954-ஆம் ஆண்டில் முன்னிலும் உயரமாக அதனை எழுப்பி முடித்தனர். விழுந்த துண்டை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. எல்லோரும் காணும்படி விட்டுவைத்து, அதன் முன்னும் மலர் இடுகின்றனர்.

அடுத்து சுவேதாலியாவ் என்னும் சயன புத்தரைக் கண்டோம். 994-ஆம் ஆண்டில் சமைத்தது என்பர். நீளம் 55 மீட்டர். 1757-ஆம் ஆண்டில் பெகு நகரம் போரில் அழிக்கப்பட்ட பின்னர், இத்துணைப் பெரிய உருவம் காட்டுக்குள் மறைந்து மண்மேடாகி, மக்கள் நினைவிலிருந்தே அகன்றது. 1881-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வேலைக்கு வந்தவர்கள் அந்த மேட்டைத் துழாவியபோது மீண்டும் வெளிப்பட்டது. நம் தமிழகத்திலும் நாகப்பட்டினத்தில் 1856 முதற்கொண்டு மண்ணுக்குள்ளிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புப் படிமங்கள் வெளிப்பட்டன அல்லவா? அங்கே நின்றிருந்த செங்கற் கோபுரமோ 1867-இல் இடிக்கப்பட்டது. பெகு மக்கள் கண்டெடுத்ததைக் காத்தனர். நாம் கண்டெடுத்தவற்றைக் காட்சிச்சாலைகளில் சென்று பார்க்கின்றோம்.

இனி நான் சொல்ல வந்த பொருளுக்கு வருகின்றேன். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெகுவை ஆண்டவர் தம்மசேதி என்னும் மன்னர். இவர் அரச குடியிற் பிறந்தவர் அல்லர். முன்னர்ப் பிக்குவாக இருந்தவர். ஆவா நகரில் துன்புற்றிருந்த சின்சாபு என்னும் அரசி தப்பித் தன் நாடு திரும்பத் துணைநின்றவர். அவ்வரசி பின்னர்ப் பெகுவின் அரியணை ஏறினார். முதுமையில், கற்றறிந்த இவரையே தேர்ந்து, காவியாடை களையச் செய்து, தம் மகளை மணம் முடித்து, அரசுரிமை தந்தார். "குலமில்லாதவன் நமக்கு மன்னனா?" என்று பிரபுக்கள் முணுமுணுத்தனர்.

அப்போது நடந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. நகரின் பாலத்திலிருந்து ஒரு மரத்தை எடுத்துவரச் செய்தார் தம்மசேதி. நாள்தோறும் எல்லோர் காலும் பட்டுத் தேய்ந்த மரம் அது. அதனைப் புத்தர் உருவமாகச் செதுக்கி அவையில் வைத்தார். பிரபுக்கள் வணங்கினர். அதன்பின், நேற்றுவரை அவர்கள் மிதித்து நடந்த மரமே இது என்று மன்னர் எடுத்துக்காட்டினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இழிவும் உயர்வும் பிறப்பில் இல்லை, செய்கையிலேயே உள்ளது என்று பகவன் அருளியதை அந்த மன்னர் ஒரு மரத்துண்டைக்கொண்டு விளக்கினார்.

இத்தகைய மன்னருக்கே ஒரு பேரையம் உண்டாயிற்று. தம் நாட்டுப் பிக்குகளின் உபசம்பதை செல்லுமா என்பதே அது. பிக்கு ஆக்கும் சடங்கு முறையாக எல்லை வகுத்த இடத்தில் நடைபெற வேண்டும். அந்த எல்லைக்குச் சீமை என்று பெயர். சீமை பிழைபட்டால் சடங்கு பிழைபடும். சடங்கு பிழைபட்டால் அதன் வழிவந்த பிக்குகளின் நிலை என்ன? நாட்டில் சங்கமோ பல பிரிவுகளாய்ப் பிளவுபட்டிருந்தது. மன்னர் இந்தக் கேள்வியை மூடி மறைத்திருக்கலாம்; கேட்டவரைத் தண்டித்திருக்கலாம். அவரோ தாமே கேட்டார். விடை தேடிக் கடல் கடந்து ஆள் அனுப்பினார்.

1476-ஆம் ஆண்டு 22 தேரர்களும், அவர்தம் மாணாக்கராகிய 22 இளம் பிக்குகளும் இரு மரக்கலங்களில் ஏறி இலங்கைக்குச் சென்றனர். கல்யாணி ஆற்றின் நீர்மேல் அமைத்த சீமையில் மீண்டும் உபசம்பதை பெற்றனர். அதற்கு முன் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? காவியாடையைக் களைந்தனர், இல்லறத்தாரைப் போல் வெள்ளாடை உடுத்தனர், முதற்படியிலிருந்தே தொடங்கினர். அவர்களிலே தலைநரைத்த மகாதேரர் இருந்தனர், பெருங்கல்வியாளர் இருந்தனர். தம் நாட்டில் ஆயிரவர் வணங்கத் தலைமை தாங்கியவர்கள், அயல்நாட்டு ஆற்றங்கரையில் நேற்று வந்த மாணவரைப்போல் நின்றனர்.

தோழர்களே, "நேற்று மாறியவன்" என்று நம்மை ஏசுகின்றனர். அந்த 44 பேரும் அன்று புதியவர்களே. புதியவராய் நிற்பதற்கு அவர்கள் நாணவில்லை. தம்மத்தில் பழமை என்பது ஆண்டுக் கணக்கு அன்று.

திரும்பும் வழியில் ஒரு மரக்கலம் உடைந்தது. தப்பிய பிக்குகள் கால்நடையாக நாகப்பட்டினம் வந்தடைந்தனர். நம் நாகப்பட்டினந்தான்! பதரிகாராமம் என்னும் விகாரை இருந்த இடத்தைக் கண்டு, கடற்கரைக் குகை ஒன்றில் இருந்த புத்தர் படிமத்தை வணங்கினர் என்று கல்வெட்டு கூறுகின்றது. அக்கரையில் இருந்த ஒரு துறைமுகத்தின் அதிகாரிகளான சகோதரர் இருவர் அவர்களுக்கு உணவும் உடையும் உறையுளும் தந்து காத்தனர். ஆண்டுதோறும் பெகுவுக்கு வணிகக் கலம் அனுப்பிய குடும்பம் அது. இடைவழியில் இறந்தவர் போக, எஞ்சியோர் கலம் ஏறித் தாயகம் திரும்பினர். பெகுவில் சங்கம் மீண்டும் தழைத்த வரலாற்றில், நம் கடற்கரையில் அளித்த சோறும் ஓர் அத்தியாயம்.

மற்றொரு மரக்கலத்தில் முன்னரே திரும்பியவர்களைக்கொண்டு, பெகுவில் மன்னர் ஒரு சீமையை நிறுவினார். உபசம்பதை பெற்ற ஆற்றின் பெயராலேயே அது கல்யாணி சீமை எனப்பட்டது. வரலாறு முழுவதையும் 10 கற்பலகைகளில் பொறித்தார். மூன்று பாலி மொழியில், ஏழு மோன் மொழியில். புதிய முறையில் சேர்ந்த தேரரும் பிக்குகளும் சாமணேரரும் ஆக மொத்தம் 15,666 பேர் என்று அக்கல்வெட்டே கணக்குத் தருகின்றது. பொன், வெள்ளி, தானியம் முதலியன வைத்திருக்கும் பிக்குகள் அவற்றைத் துறக்க வேண்டும், அன்றேல் காவியைத் துறந்து இல்லறத்தாராக வேண்டும் என்றும் மன்னர் ஆணையிட்டார். சடங்கை மட்டும் தூய்மை செய்து ஒழுக்கத்தை விட்டுவிட்டால் பயன் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். சங்கத்தின் பெயரால் பதவியும் பணமும் தேடுவோர் நம்மிடையேயும் இருந்தால், அந்த ஆணை அவர்களுக்கும் உரியதே.

அந்தக் கல்யாணி மண்டபத்தை நான் கண்டேன். 1930 நிலநடுக்கத்தில் பாழ்பட்டு 1954-இல் மீண்டும் எழுப்பிய கட்டடம் அது. அருகே கற்பலகைகள் உடைந்தும் சிதைந்தும் நின்றன. அங்கிருந்த முதிய பிக்கு ஒருவரை வணங்கினேன். பெரியவர் மொழிபெயர்க்க, என் ஐயத்தைச் சொன்னேன்.

"பந்தே, இத்தனை நுட்பமாக எல்லை வகுத்து, கடல் கடந்து முறை தேடிய மரபு உங்களுடையது. எல்லை ஏதும் இல்லாத ஒரு தொழிலாளர் குடியிருப்பில், காவி உடுத்தாத நான், என் தந்தையாருக்காகத் திரிசரணம் ஓதினேன். அது செல்லுமா?"

அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "சீமை பிக்குவை ஆக்குவதற்கு. மகன் தன் தந்தைக்காகச் சரணம் சொல்லுவதற்குச் சீமை எதற்கு? பகவனிடம் முதன்முதலாகச் சரணம் புகுந்தவர்கள் இரு வணிகர்கள். அப்போது சங்கமே தோன்றவில்லை. அவர்களுக்குச் சீமை வகுத்தவர் யார்?"

நான் பேசாமல் நின்றேன். அவர் மேலும் கேட்டார்: "ஓதும்போது உன் மனத்தில் இருந்தது என்ன?"

"அன்பு இருந்தது, பந்தே. அச்சமும் இருந்தது."

"அன்போடு செய்த நல்வினையை நீ அவருக்குப் பங்கிட்டுத் தந்துவிட்டாய். அச்சத்தை மட்டும் நீயே வைத்துக்கொண்டாய். அதை இங்கே விட்டுப் போ" என்றார்.

பிறகு, "உன் மக்களுக்குத் தம்மம் எங்கிருந்து வந்தது?" என்று வினவினார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் திரிசரணம் ஏற்றதையும், அதனை அவருக்கு அளித்தவர் அரக்கான் நாட்டிற் பிறந்து குசிநகரில் வாழ்ந்த சந்திரமணி மகாதேரர் என்பதையும் கூறினேன். முதிய பிக்குவின் முகம் மலர்ந்தது. "எங்கள் பக்கத்துப் பிள்ளை" என்றார்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். 1476-இல் பெகு நகரத்தார் இலங்கையில் பெற்றனர். திரும்புகையில் நம் கடற்கரை அவர்களுக்கு உணவு ஈந்தது. 1898-இல் நம் அயோத்திதாசப் பண்டிதர் அதே இலங்கைக்குச் சென்று தம்மம் ஏற்றார். 1956-இல் பர்மியத் தேரர் ஒருவர் அண்ணலுக்குச் சரணம் அளித்தார். அதே இடத்தில் அண்ணல், காவி உடுத்தாத இல்லறத்தாராகவே நின்று, இலட்சக்கணக்கான மக்களுக்குச் சரணத்தைத் தாமே வழங்கினார். "இல்லறத்தான் கொடுப்பதா?" என்று அன்றும் கேட்டவர் உண்டு. அந்தக் கேள்வி மறைந்தது, அம்மக்கள் நிலைத்தனர். பெற்றவர் கொடுப்பவராகின்றனர், கொடுத்தவர் மீண்டும் பெறுகின்றனர். தம்மம் ஒருவர் வீட்டுச் சொத்து அன்று.

நான் பதினாறு ஆண்டுகள் நூற்பு இயந்திரத்தின் முன் நின்றவன். நூல் அறுவது அங்கே நாளெல்லாம் நடப்பது. அறுந்த நூலைக் கண்டு அழுபவன் வேலைக்கு ஆகான். கதிரில் சுற்றியிருக்கும் நூலின் நுனியைத் தேடி எடுத்து, உருளையிலிருந்து இறங்கிவரும் புதிய பஞ்சோடு சேர்க்க வேண்டும். சேர்ந்தவுடன் அது ஒரே நூல். துணி நெய்து முடித்தபின் எங்கே அறுந்தது, எங்கே சேர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. துணி உழைக்குமா என்றே பார்ப்பர். நம் முன்னோரின் தம்மம் தமிழ் மண்ணில் அறுந்தது உண்மை. நுனியைத் தேடி எடுத்துத் தந்தவர் பண்டிதரும் அண்ணலும். சேர்த்துப் பிடிக்கும் வேலை நம்முடையது. பஞ்சசீலத்தில் வழுவாமல் வாழ்ந்தால் அந்த இணைப்பு நிற்கும். சீலத்தில் தளர்ந்தால் எத்தனை மகாதேரர் வந்து ஓதினாலும் நில்லாது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் தாயார் அருகில் அமர்ந்தேன். அவர் கேட்குமுன்னரே, "அம்மா, அப்பாவுக்கு நாம் செய்தது போய்ச் சேர்ந்தது" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பெகுவின் கதையைக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது இது: "அப்படியானால் எனக்கும் நீயே சொல்லு." 2022-ஆம் ஆண்டு அவர் கண் மூடினார். அன்று பிக்கு ஒருவர் வந்திருந்தார், அவரும் ஓதினார். அவர் இசைவோடு நானும் ஓதினேன். என் கை நடுங்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் ஆண்மகவும் ஒரு பெண்மகவும் திரிசரணமும் பஞ்சசீலமும் பொருளறிந்து, பிழையின்றி ஓதக் கற்கட்டும். பிக்குகள் வந்தால் பணிந்து வரவேற்போம். முறைகளைக் கேட்டறிந்து திருத்திக்கொள்வோம். வர இயலாதபோது நம் வீட்டு மரணம் அநாதையாக நிற்க வேண்டா. "உனக்கு யார் கொடுத்தார்?" என்று எவரேனும் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். தம்மசேதி மன்னர் அந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர். கேள்விக்கு அஞ்சாதவர் கையிலேதான் தம்மம் தூய்மையாக நிற்கும்.

பெகு மக்களின் நாடு 2025 மார்ச் 28 அன்று மீண்டும் ஒரு பெரு நிலநடுக்கத்தைக் கண்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களையும் நினைந்து, அவர்களுக்கும் நம் நல்வினையைப் பங்கிட்டளித்து, இவ்வுரையை முடிக்கின்றேன்.

சாது! சாது! சாது!